தரம் பிரிக்கும் மேசையில் ஓர் இடம்

தமிழ்நாட்டுக் கல்லூரி முதல்வர்களுக்கும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும், மறுசுழற்சிப் பணியில் மாற்றுத்திறனாளிகளைத் தன்னார்வலர்களாகச் சேர்ப்பது பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

என் தம்பிக்கு இப்போது 27 வயது. டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவன். மதுரையில் ஒரு சிறப்புப் பள்ளியில் 18 வயது வரை படித்தான். அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் மெழுகுவத்தி ஊற்றவும் காகித உறை ஒட்டவும் கற்றுக்கொண்டான். பயிற்சி முடிந்த மறுநாளிலிருந்து வீட்டில் இருக்கிறான். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. பள்ளி முடியும் நாளோடு பிள்ளையின் உலகம் வாசற்படி வரைக்கும் சுருங்கிவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்திருந்தும் அந்த நாளைத் தள்ளிப்போட எங்களால் முடிவதில்லை. அரசு தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அவன் வங்கிக் கணக்குக்கு மாதந்தோறும் வந்து சேர்கிறது, அதற்கு நாங்கள் நன்றியுடையவர்கள். ஆனால் மாதம் முழுவதும் அவனைத் தேடி வருவது அது ஒன்றுதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் 3 அன்று, உலக மாற்றுத்திறனாளிகள் நாள் விழாவுக்கு எங்கள் பகுதிக் கல்லூரி ஒன்று அவனையும் அவன் வயதொத்த இருபது பேரையும் அழைத்திருந்தது. முன்வரிசையில் உட்கார வைத்தார்கள், ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள், டிபன் பாக்ஸ் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். மூன்று மணி நேரம் உரைகள் நடந்தன; "கடவுளின் குழந்தைகள்" என்ற தொடர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கிய நான் ஒன்பதோடு நிறுத்திக்கொண்டேன். பிறகு தேநீரும் சமோசாவும் வந்தன. அரங்கம் காலியானபோது நாற்காலிகளுக்கு அடியில் தண்ணீர் பாட்டில்களும் காகிதக் கோப்பைகளும் இறைந்து கிடந்தன. தம்பி எழுந்து போய்ப் பாட்டில்களைப் பொறுக்கத் தொடங்கினான்.

வீட்டில் அது அவன் பொறுப்பு. பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடுவது, பாட்டில் மூடிகளைக் கழற்றித் தனி டப்பாவில் சேர்ப்பது, செய்தித்தாள்களை மாதவாரியாகச் சணல் போட்டுக் கட்டுவது, பழைய பேப்பர்க்காரர் வந்தால் தராசை உற்றுப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நிற்பது ஆகிய எல்லாவற்றையும் அவனே செய்வான், வேறு யாரையும் தொட விடமாட்டான். அன்று மூன்றாவது பாட்டிலை எடுக்கும்போது நலப்பணித் திட்டச் சட்டை அணிந்த மாணவர் ஒருவர் ஓடிவந்து, "வேணாம்ணே, நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று அவன் கையிலிருந்ததை அன்போடு வாங்கிக்கொண்டார். பின்னர் அவரும் அவருடைய நண்பர்களும் பாட்டில், கோப்பை, மிச்சமிருந்த சமோசா, மேடையில் கிடந்த பூமாலை என அனைத்தையும் ஒரே கறுப்புப் பையில் அள்ளிப்போட்டுக் கட்டினார்கள். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் என்ன பதில் வைத்திருந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

அந்த மாணவரை நான் குறை சொல்ல வரவில்லை. அவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தார்களோ அப்படியே அவர் நடந்துகொண்டார். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. 'நானல்ல, நீ' என்பது அதன் முழக்கம். ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும் என்பது அதன் கணக்கு. முழக்கம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தச் சிறு தொடரில் 'நான்' யார், 'நீ' யார் என்பதை நாம் நெடுங்காலத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டோம். மாணவர் எந்நாளும் 'நான்', என் தம்பி எந்நாளும் 'நீ'. அவனுக்குச் செய்த சேவையை மணிக்கணக்கில் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். அவன் செய்யக்கூடிய சேவையை எழுத அந்தப் பதிவேட்டில் பத்தி இல்லை. வாங்கிக்கொள்வதற்காக மட்டுமே அழைக்கப்படும் ஒருவர் எவ்வளவு மரியாதையோடு நடத்தப்பட்டாலும் அந்த இடத்துக்கு விருந்தாளிதான், விருந்தாளியை எச்சில் இலை எடுக்க விடுவது நம் வழக்கமும் இல்லை. என் தம்பி உங்கள் வளாகத்துக்குள் விருந்தாளியாக அல்லாமல் வேறொரு பெயரில் நுழைய வேண்டும் என்று விரும்புகிறேன். உங்கள் கல்லூரியின் மறுசுழற்சிப் பணியில், சுற்றுவட்டாரத்தில் வாழும் மாற்றுத்திறனாளிகளை மாணவர்களுக்கு இணையான தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

இந்தக் கோரிக்கை உங்கள் ஆவணங்களுக்கு அந்நியமானதன்று. கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்காக நீங்கள் தயாரித்துள்ள அறிக்கையின் 7ஆவது அளவுகோலைத் திறந்து பாருங்கள். வளாகத்தில் மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் எப்படிக் கையாளப்படுகின்றன என்ற கேள்வி அங்கே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையற்ற சூழல் இருக்கிறதா என்ற கேள்வியும் அதே தலைப்பின்கீழ் இருக்கிறது. முதல் கேள்விக்கு வண்ணத் தொட்டிகளின் படமும், இரண்டாம் கேள்விக்குச் சாய்தளத்தின் படமும் இணைக்கப்படுகின்றன. ஒரே தலைப்பின்கீழ், ஒரே அறிக்கையில் உள்ள இந்த இரண்டு படங்களும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. அந்தச் சாய்தளத்தில் ஏறி வந்தவர் அந்தத் தொட்டியருகே போய் ஒரு வேலை செய்தார் என்று எந்த அறிக்கையிலாவது ஒரு வரி இருந்தால் எனக்குக் காட்டுங்கள், மகிழ்ச்சியோடு என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஏன் குப்பை, மரம் நடுவதில் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மரம் நடும் விழா ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது, நட்ட குழிக்கு மறுவாரம் யாரும் போவதில்லை. குப்பையோ நாள் தவறாமல் வருகிறது. ஒரே வேலை, ஒரே இடத்தில், ஒரே முறையில், வாரந்தோறும் திரும்பத் திரும்ப நடப்பது நம்மில் பலருக்குச் சலிப்பைத் தரும். ஒழுங்கு மாறினால் பதற்றமடையும் ஒருவருக்கோ, புதிய ஒன்றைக் கற்றுக்கொள்ள ஆறு வாரம் எடுத்துக்கொண்டு பின் ஆறு ஆண்டுகளுக்கு மறக்காமல் இருக்கும் ஒருவருக்கோ அதுவே பெரிய நிம்மதி. தரம் பிரிக்கும் வேலையின் விதிகள் தெளிவானவை. எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் கைக்கும் கண்ணுக்கும் காதுக்கும் அவை புலப்படும். பெட் (PET) பாட்டிலும் அதன் மூடியும் வெவ்வேறு வகைப் பிளாஸ்டிக். நறுக்கித் தண்ணீரில் போட்டால் பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும் என்பதால் இரண்டையும் முதலிலேயே பிரித்துவிட்டால் நல்லது. தேநீர்க் கோப்பை காகிதம்போலத் தோன்றினாலும் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் காகிதக் கட்டோடு சேராது. சாம்பார் பட்ட அட்டை வீண். பளபளக்கும் சிப்ஸ் உறைக்குப் பழைய பேப்பர் கடையில் மதிப்பே கிடையாது. இவ்வளவையும் என் தம்பி அறிவான், நான் பாதியை அவனிடமிருந்தே தெரிந்துகொண்டேன்.

கல்லூரி வளாகத்துக்கே உரிய குப்பை ஒன்றும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் துறை அலமாரிகளிலிருந்து கழிக்கப்படும் புராஜெக்ட் அறிக்கைகளையும் ரெக்கார்டு நோட்டுகளையும் நினைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரு பிளாஸ்டிக் தாள், முதுகில் சுருள் கம்பி, நடுவில் ஒருபக்கம் மட்டும் அச்சான நூறு தாள்கள். சுருளை உருவி, பிளாஸ்டிக்கைத் தனியே வைத்து, பின்னைக் கழற்றி, வெள்ளைத் தாளை வெள்ளைத் தாளோடு அடுக்கினால் அது நல்ல விலைக்குப் போகும் காகிதம். அப்படியே மூட்டை கட்டினால் கழிவு. இதற்குப் பொறுமையான கைகள் வேண்டும், தேர்வு நேரத்து மாணவர்களிடம் அது இருப்பதில்லை. எங்கள் வீடுகளில் அத்தகைய கைகள் நாள் முழுக்கச் சும்மா இருக்கின்றன. (விடைத்தாள்களை மட்டும் தயவுசெய்து இந்த மேசைக்கு அனுப்பாதீர்கள், மதிப்பெண்ணை உரக்கப் படித்துவிடக்கூடிய ஒருவரை நான் அறிவேன்.)

இவ்வளவு உறுதியாக எழுத எனக்கு அனுபவம் ஒன்று உண்டு. அந்த விழாவுக்கு அடுத்த ஆண்டு, வேறொரு கல்லூரியின் நலப்பணித் திட்ட அலுவலர் ஒருவர் நான் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு, "சனிக்கிழமை காலையில் வாருங்கள், பார்ப்போம்" என்றார். எங்கள் பெற்றோர் குழுவின் பிள்ளைகளில் ஆறு பேர் போனார்கள். மிதிவண்டி நிறுத்தும் கொட்டகையின் ஒரு மூலையில் இரண்டு மேசைகளைப் போட்டு, ஒருவருக்கு ஒரு மாணவர் என்று இணை சேர்த்து, பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை வேலை நடந்தது. மொத்தம் எட்டுச் சனிக்கிழமைகள்.

முதல் சனிக்கிழமை படுதோல்வி என்றே சொல்ல வேண்டும். மாணவர்கள் உற்சாகமாகப் பாட்டில்களை மிதித்து நசுக்க, அந்தச் சத்தம் தாங்காமல் ஆட்டிசம் உள்ள இளைஞர் காதைப் பொத்திக்கொண்டு வாசல் வரை ஓடிவிட்டார். மூளை முடக்குவாதம் உள்ள பெண்ணின் சக்கர நாற்காலி மேசைக்கு அடியில் நுழையவில்லை. அவர் மேசைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரமும் வேடிக்கை பார்த்தார். என் தம்பியின் இணையாக வந்த மாணவி அவன் எடுக்கும் முன்னே எல்லாவற்றையும் தானே எடுத்துப் போட்டுவிட்டு, அவனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இதில் எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. உடனிருந்து ஒரு வேலையைச் செய்வது எப்படி என்பது இரு தரப்புக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பாட்டில் நசுக்குவதை மதில் ஓரத்துக்கு மாற்றினார்கள். காதைப் பொத்திக்கொண்டவருக்கு மூடி கழற்றும் வேலை போனது, அதை அவர் வண்ணவாரியாக அடுக்கியும் வைத்தார், யாரும் கேட்காமலே. மேசைக்குக் கீழே காலுக்கொரு செங்கல் வைத்ததும் சக்கர நாற்காலி உள்ளே நுழைந்தது. நான்கு செங்கற்கள், செலவு எதுவும் இல்லை. அந்தப் பெண் தராசையும் கணக்கையும் எடுத்துக்கொண்டார். வாரந்தோறும் அட்டை எவ்வளவு, வெள்ளைத் தாள் எவ்வளவு, பாட்டில் எவ்வளவு என்று கைப்பேசியில் பதிந்துவைத்து, மூன்றாவது வாரம் கேன்டீன் பக்கமிருந்து வரும் பாட்டில்கள் பாதியாகக் குறைந்துவிட்டதை முதலில் கவனித்தவர் அவரே. விசாரித்தபோது கேன்டீனில் குடிநீர்க் குழாய் பழுது பார்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. தொட்டிகளின்மேல் 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை' என்று எழுத்தில் மட்டும் இருந்ததை மாற்றி, உண்மையான பாட்டிலின் படம், உண்மையான வாழைப்பழத் தோலின் படம் என்று ஒட்டினார்கள். அதன்பிறகு தமிழ் வாசிக்கத் தெரியாத வெளிமாநில விடுதி மாணவர்களும் சரியான தொட்டியில் போடத் தொடங்கினார்கள் என்று அலுவலர் என்னிடம் சொன்னார்.

ஐந்தாவது வாரம் துறைத் தலைவர் ஒருவர் பேசிக்கொண்டே வந்து தேநீர்க் கோப்பையைக் காகிதப் பெட்டியில் போட்டார். தம்பி அதை எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்து, "சார், இது பேப்பர் இல்ல" என்றான். கொட்டகையில் ஒரு நொடி எவரும் மூச்சு விடவில்லை. அவர் கோப்பையைத் திருப்பிப் பார்த்தார், உள்ளே விரலால் தேய்த்துப் பார்த்தார், சரியான தொட்டியைக் கேட்டு அதில் போட்டார். அடுத்த வாரம் எவர்சில்வர் டம்ளருடன் வந்தார். அவர் நல்ல மனிதர். ஆனால் நான் நெடுநேரம் யோசித்தது தம்பியைப் பற்றி. பிறந்தது முதல் எல்லோராலும் திருத்தப்பட்டே வந்தவன் அன்றுதான் முதன்முதலாக வெளியுலகில் ஒருவரைத் திருத்தினான்.

நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போனால் இந்த மடல் நேர்மையாக இராது. இரண்டாவது வாரமே வளாகத்தின் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "இவங்க வந்தா எங்க வேலை போயிருமாம்மா?" என்று கேட்டார். பேசிப் பார்த்தபோது வேறொன்றும் தெரியவந்தது: ஒப்பந்தக் கூலி போதாமல், அட்டையையும் பாட்டிலையும் ஒதுக்கிவைத்துப் பழைய பேப்பர் கடையில் போட்டுக் கிடைக்கும் காசில்தான் அவர்கள் நால்வரும் வாரக் கடைசியை ஓட்டிவந்தார்கள். நாங்கள் ஆர்வத்தோடு பிரித்து, கல்லூரிக் கணக்கில் விற்கப்போவதாகப் பெருமையோடு அறிவித்த சரக்கு அவர்களுடைய வருமானம். சமூகப் பணி என்ற பெயரில் இன்னொருவர் மடியில் கைவைக்க இருந்தோம். விற்பனைத் தொகை அந்த நால்வருக்கே போவது என்று முடிவு செய்த பிறகு அவர்களே எங்களுக்கு ஆசான்கள் ஆனார்கள். எந்தப் பையைத் திறக்கக் கூடாது, எதைக் கையால் தொடக் கூடாது, உடைந்த கண்ணாடி எந்தக் கட்டடத்திலிருந்து வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தச் சுற்றுச்சூழல் பாடநூலிலும் இல்லை. நீங்கள் இத்தகைய பணியைத் தொடங்கினால் முதல் கூட்டத்திலேயே தூய்மைப் பணியாளர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். அவர்களில் ஒருவரின் வேலையையும் ஒரு நாள் கூலியையும் இந்தத் தன்னார்வம் தொடக் கூடாது.

அதைவிடக் கடினமான பேச்சு எங்கள் வீட்டில் நடந்தது. "படிக்க முடியாத பிள்ளையைக் குப்பை பொறுக்க அனுப்பிட்டாங்கன்னு நாளைக்குத் தெரு பேசும்" என்று அம்மா அழுதார். அம்மாவின் அழுகையில் இருந்தது வெறும் பாசம் இல்லை. குப்பையைத் தொடும் கையை எந்தச் சாதியின் கையாக இந்த நாடு ஆக்கிவைத்திருக்கிறது என்ற அறிவும், அந்த வரிசையில் தன் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சமும் அதில் சேர்ந்திருந்தன. அந்த அச்சத்தை நான் சரியென்று ஏற்கவில்லை, ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆகவே உங்களிடம் மிகவும் வலியுறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். மாணவர்கள் பதிவேடும் கையுமாக மேற்பார்வை பார்க்க, மாற்றுத்திறனாளிகள் மட்டும் குனிந்து பிரிக்கும் ஏற்பாடு ஒன்றை நீங்கள் உருவாக்கினால், அது எங்களை உள்ளே சேர்ப்பதாகாது. ஏற்கெனவே உள்ள ஏணியில் கீழே இன்னொரு படி கட்டுவதாகும். அதே மேசை, அதே கையுறை, அதே குப்பை, அதே இரண்டு மணி நேரம் மாணவருக்கும் இருக்க வேண்டும், முடிந்தால் பேராசிரியருக்கும். அம்மா எங்களோடு நான்காவது வாரம் வந்தார். எம்.எஸ்சி. படிக்கும் பெண் ஒருத்தி தன் மகனுக்கு எதிரே உட்கார்ந்து தயிர்க் கவரைக் கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகு, தெருவைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

தன்னார்வம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக்கூடிய இன்னொரு அநீதியையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாணவர் வாரம் இரண்டு மணி நேரம் வருவது தன்னார்வம். மாற்றுத்திறனாளி ஒருவர் வாரம் ஐந்து நாளும் வந்து, வளாகத்துக்குத் தேவையான வேலையைச் செய்து, மாத முடிவில் ஒரு நன்றிச் சான்றிதழோடு திரும்பினால் அது கூலியில்லா உழைப்பு. இரண்டுக்கும் இடையே கோடு கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் வந்த ஒருவர் வேலையில் தேர்ந்தவராகி, தானும் விரும்பினால், கூலியுள்ள வேலைக்கு அவரை எடுத்துக்கொள்ள என்ன வழி என்றும் யோசியுங்கள். கர்நாடகத்தின் ஹுப்பள்ளியில் 2017இல் ஒரு கல்லூரி வளாகத்துக்குள் தொடங்கிய மிட்டி கஃபே, மாற்றுத்திறனாளிகளைச் சம்பளத்துக்கு அமர்த்தி நடத்தப்படும் உணவகம். 2023இல் அதன் கிளை ஒன்று உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே திறக்கப்பட்டது. கல்லூரியில் ஆரம்பித்த ஒன்று எவ்வளவு தொலைவு போக முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று அது.

சட்டத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, உங்களுக்குத் தெரியாத சட்டம் எதுவும் இதில் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதன் 5ஆவது பிரிவு மாற்றுத்திறனாளிக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு என்கிறது. வீட்டில் வாழும் உரிமை என்று அது சொல்லவில்லை. அதே 2016இல் வந்து, 2026இல் புதிய விதிகள் வரும்வரை நடைமுறையில் இருந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே, 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புள்ள நிறுவனங்கள் குப்பையை உருவாகும் இடத்திலேயே பிரித்து, மறுசுழற்சிக்கு உரியதை உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கூறிவிட்டன. உங்களில் பெரும்பாலோரின் விளையாட்டுத் திடல் மட்டுமே அந்தப் பரப்பைத் தாண்டும். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்யும் சட்டத் திருத்தங்களை 2025 ஏப்ரலில் நம் சட்டப்பேரவை நிறைவேற்றியது. ஊராட்சி மன்றத்தில் உறுப்பினராக உட்காரத் தகுதியுள்ளவர் என்று அரசு ஒப்புக்கொண்ட ஒருவரைக் கல்லூரிக் கொட்டகையில் தன்னார்வலராக உட்கார வைக்கத் தயங்குவது எப்படிப் பொருந்தும்?

மதுரைக்காரி என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறைக்காக 2018இல் பத்மஸ்ரீ பெற்ற பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் எங்கள் ஊர் தியாகராசர் பொறியியல் கல்லூரியைச் சேர்ந்தவர். பிறர் வேண்டாமென்று எறிந்ததைக் கையில் எடுத்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் ஊர் வளாகங்களுக்குப் புதிதல்ல. ஆயினும் ஊர்க் குப்பை இன்றும் அவனியாபுரம் வெள்ளக்கல்லுக்குத்தான் லாரியில் போகிறது, கல்லூரிக் குப்பையும் அதில் உண்டு.

எட்டாவது சனிக்கிழமையோடு எங்கள் பணி நின்றது. அலுவலர் மாறினார். புதிதாக வந்தவரிடம் பேசியபோது, அவர் கோபப்படவோ மறுக்கவோ இல்லை, "யாருக்காவது ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி என்றே எனக்கும் பட்டது. எனவே வீட்டுக்கு வந்து அதற்கு விடை எழுதினேன்: கனமான கையுறை, மூடிய காலணி, ஆய்வகக் கண்ணாடியும் ஊசியும் நாப்கினும் இந்த மேசைக்கு வரவே வராது என்ற விதி, ஒவ்வொருவருக்கும் தெரிந்த மருத்துவக் குறிப்பும் அவசரத் தொடர்பு எண்ணும், வீட்டாரின் ஒப்புதலோடு வருபவரின் சொந்த ஒப்புதல், மாணவர்களுக்கு எடுக்கும் விபத்துக் காப்பீட்டிலேயே இந்த ஆறு பேரையும் சேர்க்க முடியுமா என்ற விசாரணை. இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. ஒன்பதாவது சனிக்கிழமை, நான் எவ்வளவோ சொல்லியும் கேளாமல், தம்பி கையுறையோடு கிளம்பிப் போனான். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விட முடியாது என்று காவலர் சொன்னார். அவர் வேலை அது. அரைமணி நேரம் வாயிலில் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

ஒரு தனி மனிதரின் நல்ல மனத்தின் மேல் நிற்கும் ஏற்பாடு அவருடைய இடமாற்ற உத்தரவோடு முடிந்துவிடும் என்பதை அந்த வாயிலில் கற்றேன். அதனால்தான் ஒரு கல்லூரிக்கு எழுதாமல் உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன். நலப்பணித் திட்ட அணியின் ஆண்டுத் திட்டத்தில் இதை ஒரு வரியாக எழுதிவையுங்கள். அப்போது அடுத்து வரும் அலுவலர் அதைத் தொடங்க வேண்டியிராது, தொடர்ந்தால் போதும். வருகிறவர்களுக்குக் கல்லூரி முத்திரையோடு 'தன்னார்வலர்' என்று அச்சிட்ட அடையாள அட்டை கொடுங்கள். அவர்கள் பணியாற்றிய மணி நேரத்தை மாணவர்களுக்கு எழுதும் அதே பதிவேட்டில் எழுதுங்கள். ஒரு பருவம் முழுவதும் அதே மாணவர் அதே தன்னார்வலரோடு இணையாக இருக்கட்டும், வாரம் ஒரு முகம் வேண்டாம். கழிப்பறைக்குப் போகும் வழியில் படி இருக்கிறதா என்று தொடங்கும் முன் ஒருமுறை நடந்து பாருங்கள். படம் எடுத்து வெளியிடும் ஆசையை முதல் பருவம் முடியும்வரை அடக்கிக்கொள்ளுங்கள், அதன்பிறகும் அவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். இவற்றில் பெருஞ்செலவு பிடிக்கும் ஒன்றுகூட இல்லை. டிசம்பர் 3 அன்று வாங்கும் பொன்னாடைகளின் விலையில் ஓராண்டுக்குத் தேவையான கையுறைகள் வந்துவிடும்.

பொன்னாடைகளைப் பற்றி மனத்தாங்கலாக எழுதிவிட்டேனோ என்று ஐயம் வருகிறது. எங்கள் வீட்டில் மூன்று இருக்கின்றன. தம்பி ஒன்றைச் செய்தித்தாள் கட்டுகளின்மேல் தூசி படியாமல் போர்த்தி வைத்திருக்கிறான்.

புதிய கல்வியாண்டுக்கான திட்டங்களை நீங்கள் வகுக்கும் நேரத்தில் இந்த மடல் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்று விரும்புகிறேன். எங்கள் பெற்றோர் குழுவின் பிள்ளைகளில் இப்போது பதினொரு பேர் ஆயத்தமாக இருக்கிறார்கள். சனிக்கிழமை காலை பத்து மணி எங்களுக்கு வசதி. வேறு நாள் என்றாலும் சரி, ஆனால் ஒருமுறை சொன்ன நாளை மாற்றாதீர்கள். கையுறைகள் எங்களிடமே இருக்கின்றன. மேசையும் நான்கு செங்கற்களும் உங்கள் பக்கத்திலிருந்து வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வலரின் அக்கா,
மதுரை.